மொய் நோட்டில் இல்லாத பெயர்

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணியில் மொய் விருந்துப் பந்தல்கள் எழும்பிவிடும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்கள் இதைத் தங்கள் ஊர்ச் சொத்தாகவே பேசுவார்கள். உள்ளே கறிக்குழம்பு கொதிக்க, பந்தல் ஓரத்தில் மேசை போட்டு நோட்டும் பேனாவுமாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். யார், எந்த ஊர், பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவு என்று வரி தப்பாமல் எழுதுவார்கள். ஒரு பெயர் விடுபட்டால் அது வழக்காகும். இரண்டு வீட்டுக்கு நடுவில் பேச்சு நின்றுபோகும். நிலப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில்தான் பல வீடுகளில் மொய் நோட்டும் இருக்கும்.

என் அப்பா வீட்டு நோட்டுகளைச் சிறுமியாக இருக்கும்போது புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஊர் ஊராகப் பெயர்கள், எல்லாம் ஆண்பிள்ளைகளின் பெயர்கள். மாடு கறந்து பால் விற்ற காசையும் சிறுவாட்டுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்தது அம்மாவாக இருக்கும். நோட்டில் அப்பா பெயர் ஏறும். புருஷன் செத்துப்போன வீட்டில் பத்து வயதுப் பையன் பெயரில் மொய் நடக்கும். அந்தப் பையனை வளர்க்கிறவளின் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்காது. வாக்காளர் பட்டியலைப் பற்றிச் சொல்ல வந்தவள் மொய் நோட்டில் தொடங்குவது இதனால்தான். எங்கள் பக்கத்துப் பெண்ணின் பெயரை, அவளுக்கென்று ஒரு வரிசை எண் கொடுத்து எழுதிய முதல் ஊர்ப் புத்தகம் வாக்காளர் பட்டியல். பக்கத்திலேயே கணவர் பெயரோ தகப்பனார் பெயரோ இருக்கும். இருக்கட்டும். எண் அவளுடையது.

அந்த எண் எல்லாப் பெண்களுக்கும் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, தன் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பெரும்பாலும் வட மாநிலங்களில். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சுகுமார் சென், பெயரைச் சொல்லாதவரைப் பட்டியலில் வைக்க முடியாது என்று உறுதியாக நின்றார். அந்தத் தேர்தலில் அத்தனை பெண்களின் ஓட்டும் போனது. கொடுமைதான். ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அன்றைக்கு விட்டுக்கொடுத்திருந்தால் 'இன்னார் பெண்டாட்டி' என்பதே இன்னும் இரண்டு தலைமுறைக்குப் பட்டியலில் நின்றிருக்கும்.

எங்கள் அப்பாயி பெயரைச் சொன்னவர்தான். ஆனால் கணக்கெடுக்க வந்த வாத்தியாரிடம் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிவிட்டார். சாகும்வரை பட்டியலில் அதுதான். 1952-இல் ஓட்டுப் போட்டதை எங்களுக்குக் கதையாகச் சொல்வார். தேர்தலில் நிற்கிற ஆளுக்கு ஒரு பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் முத்திரை குத்துகிற வேலை கிடையாது. மறைப்புக்கு உள்ளே போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். "உள்ள என்ன இருக்குன்னு குனிஞ்சு பாத்தேன்த்தா, ஒண்ணும் தெரியல" என்பார். டெல்லிக்கு யார் போனார் என்பது அவருக்கு நினைவில்லை. அந்த மறைப்புக்குள் தன்னைத் தவிர யாரும் இல்லாமல் இருந்தது நினைவிருந்தது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த பெண்ணுக்கு அப்படித் தனியாக ஓர் இடம் அதற்கு முன் எங்கே கிடைத்திருக்கும்?

உள்ளாட்சித் தேர்தலை நான் முதலில் பார்த்தது 1970-இல், எட்டு வயதில். நான் பிறந்த கிராமம் பேராவூரணிக்குத் தெற்கே, கடலுக்குப் போகும் வழியில் இருக்கிறது. அப்போது பாதி நெல், பாதி தென்னை. கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேரும், அல்லது சேராது. சேராதபோது யாரிடம் போய்ச் சொல்வது என்பது எங்களுக்கு வாழ்வு சாவு விஷயம். நாங்கள் படித்த வகுப்பறையிலேயே சாவடி போட்டிருந்தார்கள். மாமன் முறைக்காரர்கள் இரண்டு பேர் எதிரெதிராக நின்றார்கள். ஜெயித்தவர் வீட்டில் வெடி வெடித்தது. மறுநாள் காலையில் அவரே தோற்றவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தார்.

எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பெரிய வீட்டுக்காரர் அன்னபோஸ்ட்டாக வந்து உட்காருவதும், சில தெருக்காரர்கள் சாவடிப் பக்கமே வர அஞ்சுவதும் அந்தக் காலத்தில் உண்டு. எங்கள் ஊரிலும் கடைசித் தெருவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் போட்டு முடிக்கும்வரை ஒதுங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வராது. ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால், வாய்க்கால் அடைத்துக்கொண்டது என்றால், யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. நின்றால் அவர் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 1986-இல் வந்தது. நடுவில் 16 ஆண்டுகள். நான் ஐந்தாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு எல்லாம் படித்து முடித்து, தாவணி போட்டு, சேலை கட்டி, கல்யாணமும் ஆகியிருந்தேன். அந்த வருஷங்களில்தான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் குடவோலை முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும், வெட்டிய கல்வெட்டு. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன கதை. எங்கள் தஞ்சாவூர்ச் சோழன் என்று வாத்தியார் பெருமையோடு சொன்னார், நாங்களும் பெருமையோடு எழுதினோம்.

அந்தப் பெருமையில் எனக்கு இன்றைக்குப் பாதிதான் சம்மதம். அந்தக் குடத்தில் பிராமண ஊர்ச் சபையைச் சேர்ந்த, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உள்ள, வேதம் கற்ற, 35 முதல் 70 வயதுக்கு உட்பட்ட ஆண்களின் பெயர்கள் மட்டும் விழுந்தன. என் பெயரோ, உழுதவர்களின் பெயரோ விழுந்திருக்காது. இன்னொரு பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. பொறுப்பு 360 நாளைக்குத்தான், பிறகு மறுபடி குடம் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு வருஷா வருஷம் குடம் வைக்கச் சொல்லிக் கல்லில் வெட்டிவைத்த நாட்டில், அந்தப் பாடத்தை நாங்கள் படித்த பெஞ்சுக்கு வெளியே, எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் இல்லை. யாரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, ஊராட்சி என்றால் ஒன்றிய அலுவலகத்து அதிகாரி என்றே நினைத்து வளர்ந்தோம்.

1986 தேர்தலில் நான் பேராவூரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுசு. என் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலில் இருந்தது. வாழப்போன இடத்துக்குப் பெயரை மாற்ற வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை. சீர்வரிசைப் பாத்திரம் ஒன்று குறைந்தால் கேட்டிருப்பார்கள். ஓட்டுப் போடப் பஸ் ஏறிப் பிறந்த ஊருக்குப் போனேன். தண்ணீர் பிடிக்கிற ஊர் ஒன்று, ஓட்டுப் போடுகிற ஊர் ஒன்று. என்னோடு அதே பஸ்ஸில் கைக்குழந்தையோடு வந்த பெண்கள் நாலைந்து பேரும் அதே வேலையாகத்தான் வந்திருந்தார்கள். வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணியிருப்பார்கள்? கல்யாணத்தால் ஊர் மாறுவது பெண் மட்டும்தான் என்பதால், பட்டியலில் இரண்டு ஊருக்கும் நடுவே காணாமல் போவதும் பெண்ணின் பெயர்தான். கைம்பெண் சகாய நிதி, வீட்டுமனை என்று எதற்குப் போனாலும் 'எந்த ஊர் ஓட்டு?' என்று கேட்கிற நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 1991-இல் முடிந்தது. மறுபடி ஐந்து ஆண்டு எதுவும் இல்லை. இடையில் சில நல்ல காரியங்கள் நடந்தன. 1989 மார்ச்சில் ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆனது. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். தமிழ்நாட்டில் 1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது, மாநிலத் தேர்தல் ஆணையம் வந்தது. 1996 அக்டோபரில் தேர்தலும் வந்தது.

அந்தத் தேர்தலில் என் சின்னம்மா நின்றார்.

என் அம்மாவுக்கு நேர் இளையவர். நான் பிறந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஐந்தாவது வரை படித்தவர். அவர் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் ஊர்ப் பெரியவர்கள் சித்தப்பாவிடம் வந்து பேசினார்கள். "பேருக்கு நிக்கட்டும்ப்பா, வேலையெல்லாம் நம்ம பாத்துக்கலாம்." சின்னம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. வேட்புமனுவில் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார்கள், போட்டார். சுவரில் எழுதிய விளம்பரத்தில் சித்தப்பா பெயர் பெரிதாகவும் சின்னம்மா பெயர் அதன் கீழும் இருந்தது. சொற்ப ஓட்டில் ஜெயித்தார். முதல் கூட்டத்துக்குச் சித்தப்பாதான் போய் உட்கார்ந்தார். சின்னம்மா வாசலோடு நின்று, கையெழுத்துக்குக் கூப்பிட்டபோது உள்ளே போய் வந்தார்.

இது எவ்வளவு நாள் நடந்தது என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு கோடையில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து போன குழாய் காலனித் தெருவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பணம் தீர்ந்துவிட்டது என்றார்கள். காலனிப் பெண்கள் குடத்தோடு சின்னம்மா வீட்டுக்கு வந்தார்கள். சித்தப்பா வீட்டில் இல்லை. "நீதானத்தா மெம்பரு? உன் சின்னத்துலதான குத்துனோம்" என்று ஒருத்தி கேட்டாளாம். சின்னம்மா இதை எத்தனையோ முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடும். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் வாசலில் நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, குழாய் ஏன் அந்த இடத்தில் நின்றது, மிச்சக் குழாய் எங்கே என்று கேட்டார். வரவு செலவை வாசிக்கச் சொன்னார். குழாய் போய்ச் சேர மேலும் சில மாதம் ஆனது, ஆனால் போனது. 2001-இல் மறுபடி நின்றபோது சுவரில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

புருஷன் நிழலில் நடக்கிற பெண் மெம்பர்களைப் பற்றிப் பலரும் இளக்காரமாகப் பேசுவார்கள். அவர்களில் பலரை எனக்குத் தெரியும். நிழலில் தொடங்குவது அவர்கள் குற்றமில்லை. உன் சின்னத்தில்தானே குத்தினோம் என்று ஒருத்தி வந்து கேட்கும் உரிமை இருந்தால், நிழலிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்தக் கேள்வியை அதிகாரியிடம் கேட்க முடியாது. அவர் நம் சின்னத்தில் ஜெயித்து வரவில்லை.

அதே காலத்தில்தான் மேலூர்ப் பக்கம் மேலவளவில், தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-இல் பஸ்ஸில் போகும்போது வெட்டிக் கொன்றார்கள். அதேபோல் தலித்துகளுக்கு ஒதுக்கிய பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் கொட்டகச்சியேந்தலிலும் பத்து ஆண்டு தேர்தலை நடக்கவிடாமல் வைத்திருந்தார்கள்; 2006-இல்தான் நடந்தது. எங்கள் ஊரில் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஒரு ஊராட்சித் தலைவர் நாற்காலிக்காக ஆளைக் கொல்கிறார்கள் என்றால் அந்த நாற்காலியில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அப்போதுதான் எங்களில் பலருக்கும் உறைத்தது. சட்டமன்றத்தில் யார் உட்கார்ந்தாலும் தாங்கிக்கொள்கிற ஊர், தெருக்கோடிக்காரர் தன் ஊராட்சி அலுவலகத்தில் உட்காருவதைத் தாங்கிக்கொள்ளவில்லை. 2020-இல் கூட, சிதம்பரம் பக்கம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம்.

2001, 2006, 2011 ஆகிய மூன்று தேர்தல்களும் உரிய காலத்தில் நடந்தன. இந்த வரியை எழுதும்போது எனக்கு ஏற்படும் நிம்மதி, 1970-க்கும் 1986-க்கும் நடுவில் வளர்ந்த யாருக்கும் புரியும்.

2016-இல் மறுபடி நின்றது. அக்டோபர் 17, 19 என்று தேதி அறிவித்து, வேட்புமனு வாங்குவதும் அக்டோபர் 3-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாக நடக்கவில்லை என்பது வழக்கு. இட ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அதைச் சரிசெய்ய மூன்று ஆண்டு ஆக வேண்டுமா? இந்தப் பக்கம் ஒரு கட்சி வழக்குப் போட்டது, அந்தப் பக்கம் ஒரு கட்சி ஆட்சியில் இருந்து காலம் கடத்தியது. நடுவில் வார்டு வரையறை, தொகுதி மறுசீரமைப்பு, புதிய மாவட்டங்கள் என்று ஒவ்வொரு காரணமாக வந்தது. ஒன்றியத்தில் இருக்கிற இருபதுக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே தனி அலுவலர் ஆனார். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்த மூன்று ஆண்டுக்குள் எங்கள் பக்கத்தில் இரண்டு பெரிய விஷயங்கள் நடந்தன. 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகப் போராட்டம் தொடங்கியது. தங்கள் மண்ணில் என்ன தோண்டலாம், தோண்டக் கூடாது என்று கிராம சபைகள் தீர்மானம் போட வேண்டியிருந்த நேரத்தில் எந்த ஊராட்சிக்கும் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. அடுத்தது கஜா.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக உள்ளே போனது. விடிந்தபோது தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பிள்ளைக்குச் சமமாக வளர்த்த மரங்கள், முப்பது நாற்பது வருஷ மரங்கள், ஒரே திசையில் தலை சாய்ந்து கிடந்தன. ரோட்டை அடைத்துக் கிடந்த மரங்களை ஊர்ப் பையன்களே அறுத்து வழி செய்தார்கள். உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வேண்டும். யார் ஏற்பாடு செய்வது? எந்தக் குடிசை விழுந்தது, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எந்தக் கிழவிக்குப் பார்வை இல்லை என்று தெருத்தெருவாகத் தெரிந்தவர் வேண்டும். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. மரத்தை எண்ண வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். யாருடைய வரப்பு எது என்று காட்டுவதற்கும், குத்தகைக்கு விட்டவர் பெயரில் பணம் போகாமல் பயிர் வைத்தவருக்குப் போகச் செய்வதற்கும், ஊரார் பொறுப்புக் கொடுத்த ஓர் ஆள் இல்லை.

அதிகாரிகள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. தூங்காமல் வேலை செய்தவர்களை என் கண்ணால் பார்த்தேன். மின்கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் வயல் சேற்றில் நின்று உழைத்ததை இந்த மண் மறக்காது. ஆனால் இருபது ஊரைச் சுமக்கிற ஓர் அலுவலர் புயல் அன்று எந்த ஊரில் நிற்பார்? பதவிக் காலம் முடிந்த பழைய மெம்பர்களிடம்தான் ஜனங்கள் ஓடினார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த சின்னம்மா, தன்னிடம் எந்தப் பதவியும் இல்லாமல், ஒரு பள்ளிக்கூட நோட்டில் வீடு வீடாகப் பெயர் எழுதினார். முதல் பெயராக அந்தந்த வீட்டுப் பெண்ணின் பெயரை எழுதினார். அரிசியும் தார்ப்பாயும் கொண்டுவந்தவர்கள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில், தஞ்சாவூர் உட்பட 27 மாவட்டங்களில் நடந்தது. இந்த முறை பெண்களுக்குப் பாதி இடம். கையில் நாலு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மெஷின் எல்லா இடத்துக்கும் வந்த பிறகும் கிராமத்து உள்ளாட்சியில் சீட்டும் முத்திரையும்தான். ஜனவரி 2-இல் தொடங்கிய எண்ணிக்கை விடிய விடிய நடந்தது. சமமாக ஓட்டு வாங்கியவர்களுக்குச் சில இடங்களில் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். பெயர் எழுதிய சீட்டைக் குலுக்கி எடுப்பதைத் தொலைக்காட்சியில் காட்டியபோது நான் எழுந்து நின்று பார்த்தேன்.

பேராவூரணி பேரூராட்சி என்பதால் நாங்கள் இன்னும் காத்திருந்தோம். 2016 அக்டோபரில் காலியான மன்றத்துக்கு 2022 பிப்ரவரி 19-இல்தான் தேர்தல். ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட அதிக காலம் எங்கள் ஊரில் மன்றமே இல்லை. அந்த ஆண்டுகளில் 18 வயது நிரம்பிய பிள்ளைகள் உள்ளாட்சி ஓட்டு என்பதைப் பார்க்காமலேயே வேலைக்குத் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். தேர்தல் வந்தபோதும் ஓட்டு ஒன்றுதான், கவுன்சிலருக்கு மட்டும். 2011-இல் தலைவருக்கும் நாங்களே நேரடியாகப் போட்டோம். 2022-இல் கவுன்சிலர்கள் மார்ச் 4-இல் மன்றத்துக்குள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல் என்று ஆட்சிக்கு ஆட்சி மாற்றுகிற இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஊரின் தலைவரை ஊர் தேர்ந்தெடுப்பதில் என்ன சங்கடம்?

கிராமங்களில் 2019-இல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. அங்கெல்லாம் மறுபடி தனி அலுவலர்கள். ஆட்சியில் இருக்கும் கட்சி மாறியிருந்தது, வழக்கம் மாறவில்லை.

பெயர் சேர்ப்பதோ இன்றைக்கு எவ்வளவு சுலபம்! என் பெயரைப் பிறந்த ஊரிலிருந்து பேராவூரணிக்குக் கொண்டுவர நான் நடந்த நடை எனக்குத் தெரியும். ஒரு மேசையில் 'அங்க எடுத்துட்டு வாங்க' என்பார்கள், இன்னொரு மேசையில் 'இங்க சேத்த பிறகுதான் அங்க எடுப்பாங்க' என்பார்கள். இப்போது கல்யாணமான பெண் படிவம் 8-ஐக் கைப்பேசியிலேயே நிரப்பி அனுப்பலாம். புதிதாகச் சேர படிவம் 6. 18 வயதுக்கு ஜனவரி 1-ஐ மட்டும் தகுதி நாளாகப் பார்த்த காலம் போய், ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 சேர்த்து வருஷத்துக்கு நான்கு தேதி. 17 வயது நிரம்பினால் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சட்டமன்றப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துத்தான் மாநிலத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிக்கிறது. அதனால் அதில் பெயர் இருந்தால் இதிலும் இருக்கும். அதில் போனால் இதிலும் போகும்.

2025 நவம்பர் 4-இல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது அந்தப் பயம் வீடு வீடாக வந்தது. டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். செத்தவர் பெயரில் ஓட்டு விழுந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குடிபெயர்ந்தவர் என்று எடுக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவள் போன ஊரில் ஏறிவிட்டதா என்று பார்க்காமல் யாரும் அதைச் சுத்தம் என்று சொல்லக் கூடாது.

இந்தத் திருத்தத்துக்கு நிரப்பச் சொன்ன படிவத்தில், பழைய திருத்தப் பட்டியலில், அதாவது 2002-2005 காலத்துப் பட்டியலில், உங்கள் பெயர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். பெயர் இல்லாதவர்கள் பெற்றோர் பெயரைக் காட்டலாம். என் மகள் 1988-இல் பிறந்தவள்; அந்தப் பட்டியலில் இருக்க அவளுக்கு வயது இல்லை. கைப்பேசியில் தேடினாள். பாகம் எண், வரிசை எண்ணோடு என் பெயர் கிடைத்தது. "அம்மா, ஒன் நம்பரத்தான் எழுதிருக்கேன்" என்றாள். எங்கள் குடும்பத்தில் ஒருத்தி இந்த நாட்டுக் குடிமகள் என்று காட்டுவதற்குத் தாயின் பெயரும் எண்ணும் போதும் என்று ஆனது அதுதான் முதல் தடவை. நடந்த நடைக்கெல்லாம் அன்றைக்குப் பலன் கிடைத்தது.

எங்கள் பக்கத்துக் கடற்கரை மல்லிப்பட்டினத்துக்கு எதிரே, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழர்களும் தேர்தலுக்கான இதே காத்திருப்பை அனுபவித்தவர்கள். இலங்கையில் 2023 மார்ச் 9-இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்று சொல்லி நிறுத்தப்பட்டது. அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6-இல் தேர்தல் நடந்தது. வடக்கு மாகாண சபைக்கோ 2013-இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு, 2018-இல் காலம் முடிந்தும் இன்னொரு தேர்தல் இல்லை. நாடாளுமன்றத் தேர்தல் ஒரு நாள் தள்ளிப்போனால் உலகம் முழுக்கச் செய்தி. வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற மன்றத்தின் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனால் அது உள்பக்கத்துச் செய்தி. மழைக்கு முன்னால் வடிகால் தோண்டுவதும், தெருவிளக்குப் போடுவதும், சுடுகாட்டுக்குப் பாதை கேட்பதும் உள்பக்கத்து வாழ்க்கை என்று நினைப்பவர்கள்தான் அப்படித் தள்ளிப்போடுகிறார்கள்.

ஊராட்சிக்குத் தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2025 ஆகஸ்ட் 15 கூட்டத்துக்குச் சின்னம்மா போயிருந்தார். தேர்தலை எப்போது நடத்துவீர்கள் என்று கேட்டார். மேலிருந்து உத்தரவு வரவேண்டும் என்றார்கள். "அப்ப உத்தரவு கேட்டு இந்தக் கூட்டம் தீர்மானம் போட்டதா எழுதுங்க தம்பி" என்றிருக்கிறார். எழுதும்வரை உட்காரவில்லை.

என் பேத்திக்கு 2026 ஜூனில் 18 முடிகிறது. அந்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு அவளுக்கு வயது போதாது. ஜூலை 1-ஐத் தகுதி நாளாக வைத்து முன்கூட்டியே விண்ணப்பித்துவிட்டாள். பேரூராட்சியில் 2022 மார்ச் 2-இல் பதவியேற்றவர்களின் ஐந்து ஆண்டு, 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். அப்படி நடந்தால் அவளுடைய முதல் ஓட்டே எங்கள் தெருவுக்கான ஓட்டாக இருக்கும். வார்டுப் பட்டியல் எப்போது வரும், எங்கே ஒட்டுவார்கள் என்று என்னிடம் கேட்டாள். பேரூராட்சி அலுவலகத்தில் போய் நீயே கேள் என்று சொல்லியிருக்கிறேன்.